காண்பவனைக் காணப் போனால்

அத்வைதம் படிக்கிறவர்கள் மாயையில் தடுக்குவதைவிட 'சாட்சி' என்ற சொல்லில்தான் அதிகம் தடுக்குகிறார்கள். "நீ சாட்சி" என்று கேட்டதும், உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஆளைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.

ரமணர் தமிழ் உரைநடையில் தந்த வடமொழி நூலான 'த்ருக் த்ருச்ய விவேகம்' (காண்பதையும் காணப்படுவதையும் பிரித்தறிதல்) 46 சுலோகங்கள் கொண்டது. இந்தச் சிக்கலுக்கு அதன் முதல் சுலோகமே போதும். உருவம் காணப்படுவது, கண் காண்பது. கண்ணும் காணப்படுவது, மனம் காண்பது. மனத்தின் விருத்திகளும், அதாவது அதில் எழுந்து மறையும் எண்ண அலைகளும், காணப்படுபவை, சாட்சி காண்பது. சாட்சி மட்டும் காணப்படுவதே இல்லை.

கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு எதிரே உள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து மங்குகிறது, 'மங்குகிறது' என்ற அறிவில் மங்கல் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சலிப்பு எழும். அதுவும் பளிச்சென்று தெரிகிறது. தெரிவதற்கு நீங்கள் எதுவும் செய்யவில்லை, கவனித்தீர்களா?

இங்கே நிற்காமல், "இதை அறிகிறவனைப் பிடிக்கிறேன்" என்று திரும்பினால் கையில் சிக்குவது சிதாபாசம், அதாவது மனத்தில் பிரதிபலித்த 'நான்'. "அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதும் ஒரு விருத்திதான். சோதனை எளிது: சற்றுமுன் இல்லாமல் இப்போது வந்ததா? வந்தது என்றால் அது காணப்படுவது. விட்டுவிடுங்கள்.

இன்னொரு பள்ளம் லயம். எண்ணம் அடங்கி வெறுமையானதும் ஞானம் வந்துவிட்டதாக நினைப்பார்கள். அது தூக்கத்தின் அக்கம்பக்கம். எழுந்தால் பழைய அகங்காரம் அப்படியே இருக்கும். லயத்துக்குக் காரணமாக மரபு சொல்பவை மிகச் சாதாரணமானவை: தூக்கக்குறை, அஜீரணம், மிதமிஞ்சிய உணவு, களைப்பு. முதலில் இவற்றைச் சரிசெய்யாமல், 'நான் யார்' என்று தேடும் விசாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய அத்வைத ஆசிரியர் கௌடபாதர், மாண்டூக்ய உபநிடதத்தை விளக்கும் தம் 'மாண்டூக்ய காரிகை'யின் மூன்றாம் பிரகரணத்தில் (அத்தியாயத்தில்) வரிசையாகவே சொல்கிறார்: லயத்தில் மனத்தை எழுப்பு, சிதறினால் அடக்கு, உள்ளே பற்று ஊறிக் கிடந்தால் அதைத் தெரிந்துகொள், சமநிலைக்கு வந்ததை அசைக்காதே. அடுத்த சுலோகத்தில் அங்கே வரும் சுகத்தையும் சுவைக்காதே என்கிறார். கடினமானது இதுதான் என்பேன். சுவைக்க ஆரம்பித்த நொடியில் சுவைப்பவன் ஒருவன் மறுபடி முளைத்துவிடுகிறான்.