சிவப்பு மையில் அடிபட்ட 'வை ஃபார்'

"ஒரு போஸ்டுக்கு நூறு பேர் நிக்கிறோமே சார், அது போட்டி இல்லாம என்ன?"

விண்ணப்பக் கடிதத்தில் 'ஐ ஆம் வையிங் ஃபார் த போஸ்ட்' என்றிருந்ததை அடித்து, மேலே 'அப்ளையிங்' என்று எழுதியதற்கு ஒரு மாணவியிடமிருந்து வந்த கேள்வி. 'வை' (வி-ஐ-இ) என்றால் போட்டியிடு. இலக்கணப்படி அந்த வரியில் குற்றமில்லை. எழுத்துக்கூட்டலும் சரி: ஐ.என்.ஜி. சேரும்போது கடைசியிலுள்ள ஐ, இ இரண்டும் போய் ஒய் வரும், 'டை' 'டையிங்' ஆவதுபோல. பாதிப் பேர் சறுக்கும் இடம் அது.

இந்தச் சொல் தமிழ்க் காதுக்கு எளிது. எதற்குப் போட்டியோ அந்த 'க்கு'தான் ஃபார். யாரோடு போட்டியோ அந்த 'ஓடு'தான் வித். 2012 ஒலிம்பிக்ஸை நடத்தும் வாய்ப்புக்கான இறுதிப் பட்டியலில் ஐந்து நகரங்கள். 2005 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பின் கடைசிச் சுற்றில் லண்டனுக்கு 54, பாரிஸுக்கு 50. 'லண்டன் வைட் வித் பாரிஸ் ஃபார் த கேம்ஸ்.' அதே 'க்கு' கன்டெஸ்ட்டில் காலை வாரிவிடும். 'கன்டெஸ்ட் த சீட்' போதும். ஃபார் போட்டால் பிழை. 'தேர்தலில்' என்ற பழக்கத்தில் நடுவே இன் செருகுவோரும் உண்டு.

பிறகு ஏன் அடித்தது? 'வை' வேடிக்கை பார்ப்பவர் சொல். செய்தித்தாள் தலைப்புக்குப் பொருந்தும், மூன்றே எழுத்து. களத்தில் நிற்பவரே தன்னைப் பற்றி எழுதினால் வேலை கேட்பதாகத் தோன்றாது, மற்றவர்களை முழங்கையால் இடிப்பதாகத் தோன்றும். விண்ணப்பத்தில் 'அப்ளை ஃபார்'தான் வழக்கம். இது விதியா, வெறும் பழக்கமா என்று கேட்டால் பழக்கம்தான். அதற்குச் சிவப்பு மை அதிகமோ?

சீட்டாட்டத்தில் பந்தயத் தொகையை ஏற்றுவதற்கும் இந்தச் சொல் ஒரு காலத்தில் வழங்கியது. நம்மூரில் பணயம் 'வை' என்பதோடு ஒலி ஒத்துப்போவது வெறும் தற்செயல். ஆனால் கேட்டவள் கையிலிருந்ததையெல்லாம் வைத்துத்தான் விண்ணப்பித்தாள். அவள் வரியில் பொய் இல்லை. நாற்பது கடிதங்களில் முப்பத்தொன்பது ஒரே அச்சில் இருக்கும்போது, அந்த வரியில் மேலாளரின் கண் ஒரு நொடி நின்றிருக்கவும் கூடும். முகம் சுளித்திருக்கவும் கூடும்.

மதிப்பெண் குறைக்கவில்லை. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.