மேசைக்குப் பின்னால் நடக்கும் பேரம்

பன்னாட்டு உறவுகள் பாடத்தில் எல்லைத் தகராறுகளைத் தொட்டதும் மாணவர்களின் பார்வை வரைபடத்தில் போய் நிற்கும். கோடு எங்கே போகிறது, யார் பக்கம் எவ்வளவு நிலம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எவ்வளவு நல்ல விரிவுரையாலும் அந்தப் பார்வையை அசைக்க முடிந்ததில்லை. அதனால் இந்தப் பகுதியை, மாணவர்களே தூதர்களாக நடிக்கும் பாவனைப் பேச்சுவார்த்தையாகவே நடத்தி வருகிறேன்.

நான் திரும்பத் திரும்ப எடுப்பது தென் அமெரிக்காவின் அண்டை நாடுகளான ஈக்வடார் – பெரு எல்லைத் தகராறு. 1941 போருக்குப் பின் 1942-இல் ரியோ டி ஜெனிரோவில் உடன்படிக்கை ஆனது. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கும் அது நிறைவேறுவதற்குப் பொறுப்பேற்ற உத்தரவாத நாடுகள். ஒரு பகுதியில், சமோரா, சாந்தியாகோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள நீர்ப்பிரிமேடுதான் (மழைநீரை இருபுறமும் பிரித்துவிடும் மேடு) எல்லை என்று எழுதிவைத்தார்கள். பிறகு வானிலிருந்து படம் எடுத்துப் பார்த்தால், நடுவே செனெபா ஆறு எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் நீண்டு கிடக்கிறது! ஏட்டில் ஒரு மேடு, காட்டில் இரண்டு. ஏறத்தாழ 78 கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நடப்படாமலே போனது. 1995-இல் அங்கேதான் போர் மூண்டது.

வகுப்பில் நாடுகளின் பெயர்களை மாற்றிவிடுவேன். இல்லையென்றால் முதல் இடைவேளையிலேயே கைபேசியில் முடிவைத் தேடிப் படித்துவிடுவார்கள். மாணவர்களின் சொந்த நாட்டுத் தகராறை எடுப்பதே இல்லை; தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களால் பேரம் பேச முடியாது. ஒவ்வொரு தூதுக்குழுவிலும் ஒரு தலைவர், ஒரு ராணுவப் பிரதிநிதி, எல்லைப்புற மக்களுக்காகப் பேசும் ஒருவர். மூவருக்கும் தனித்தனி ரகசியக் குறிப்பு உண்டு. ஒருவர் குறிப்பில் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகாவுக்கே தெரியாது. அறையின் மூலைகளில் இரண்டு நாடாளுமன்றங்கள். அங்கே நிறைவேறாத எந்தக் கையெழுத்துக்கும் மதிப்பில்லை.

தொடங்கிச் சிறிது நேரத்தில், நேற்றுவரை ‘வாடா, போடா’ என்றிருந்தவர்கள் ‘மாண்புமிகு தூதர் அவர்களே’ என்று பேசுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். அந்த மரியாதை எதிர்த்தரப்போடு சரி. சொந்தக் குழுவுக்குள் அது நீடிப்பதில்லை.

ஒருமுறை இரண்டு தலைவர்களும் ஜன்னலோரம் ஒதுங்கிப் பேசி, கோடு போட்ட தாளின் பின்பக்கத்தில் ஓர் உடன்பாட்டை எழுதிக்கொண்டு வந்தார்கள். நியாயமான உடன்பாடுதான், சர்ச்சைப் பகுதியைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள். ஒருவர் தன் குழுவிடம் தாளை நீட்டினார். ராணுவப் பிரதிநிதியாக இருந்த மாணவி அதைக் கையில் வாங்கவே இல்லை. “நம் வீரர்கள் விழுந்த இடம் எந்தப் பாதியில் வருகிறது?” என்று மட்டும் கேட்டாள். தலைவர் வரைபடத்தைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. “அப்படியானால் நாடாளுமன்றத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைப் படிப்பீர்கள்?” எதிர்த்தரப்போடு சிரித்துக்கொண்டே பேசி முடித்தவர், மீதி நேரம் முழுவதும் தன் ஆட்களோடு மல்லுக்கட்டினார்.

நான் இந்தப் பயிற்சியை நடத்துவதே இதற்காகத்தான். பேச்சுவார்த்தையின் கடினமான பாதி மேசைக்கு எதிர்ப்புறத்தில் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இதைத்தான் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988-இல் ‘இரு தள ஆட்டம்’ என்று கோட்பாடாக எழுதினார். அந்தக் கட்டுரையை இப்போது பயிற்சிக்குப் பிறகே படிக்கக் கொடுக்கிறேன். முன்பே கொடுத்தால் தேர்வுக்கான பாடமாகப் போய்விடுகிறது.

உண்மையில் நடந்ததையும் அதன் பிறகுதான் சொல்வேன். 1998 அக்டோபரில், உத்தரவாத நாடுகள் சொல்லும் தீர்வு என்னவென்று தெரிவதற்கு முன்பே, அதற்குக் கட்டுப்படுவதாக இரு நாட்டு நாடாளுமன்றங்களும் ஒப்புக்கொண்டன. அதே மாதம் 26-ஆம் தேதி பிரேசில் தலைநகர் பிரேசிலியாவில் ஈக்வடார் அதிபர் மஹுவாத்தும் பெரு அதிபர் ஃபுஜிமோரியும் கையெழுத்திட்டார்கள். எல்லை பெரும்பாலும் பெரு கேட்டபடியே அமைந்தது. ஆனால் 1995 போரில் ஈக்வடார் மக்களுக்கு வீரத்தின் அடையாளமாகிவிட்ட திவின்சா என்ற இடத்தில் ஒரு சதுர கிலோமீட்டர், தனிச்சொத்துரிமையாக அந்நாட்டுக்குக் கிடைத்தது. இறையாண்மை பெருவுக்கு, சொத்து ஈக்வடாருக்கு. இதைச் சொல்லும்போது வகுப்பில் சலசலப்பு எழும். நிலத்தையும் இறையாண்மையையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்பது பெரும்பாலான குழுக்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் சதுர கிலோமீட்டர்களையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வகுப்பறையில் யாரும் சாவதில்லை, யாருடைய வீடும் கோட்டுக்கு அந்தப்பக்கம் போய்விடுவதில்லை. அந்தப் பயத்தை எந்தக் குறிப்பாலும் ஊட்ட முடியாது. போதாக்குறைக்கு மதிப்பெண் வேறு. உடன்பாடு எட்டினால் மதிப்பெண் என்று வைத்தால், மணி அடிப்பதற்குள் எதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் உடன்பாட்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது. எதிர்த்தரப்பின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தங்களை வைத்துக்கொண்டு, இந்த உடன்பாட்டை ஏன் ஆதரிப்பேன் அல்லது எதிர்ப்பேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும்; மதிப்பெண் அதற்குத்தான். பேச்சு முறிந்துபோன குழுக்களே இதைப் பெரும்பாலும் நன்றாக எழுதுகின்றன.