சார் பென்சிலில் எழுதிய கேள்விகள்

சி.ஏ. ஃபைனல் முதல் குரூப்பை நான் இரண்டாவது முறைதான் தாண்டினேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஆடிட்டிங் தாள். 38 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இரண்டரை வருடம் தினமும் ஆடிட் வேலை பார்த்தவன் ஆடிட்டிலேயே விழுந்தது ரொம்ப நாள் வலித்தது. இப்போது ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியில், இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அதன் முன்கதையையும் பின்கதையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சேர்ந்த முதல் வருடம், மார்ச் 31. திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் ஸ்டாக் எண்ணும் வேலை. சீனியர் அக்கா குடோனைக் காட்டிவிட்டுப் போனார். நூல் மூட்டை, துணி ரோல், தைத்து அடுக்கிய பீஸ் என்று இரவு 9 மணிவரை எண்ணினேன். கம்பெனி கொடுத்த பட்டியலோடு அப்படியே ஒத்துப்போனது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நீ எண்ணினது சரி. எண்ணாம விட்டது எவ்வளவு?” என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பட்டியலில் இருப்பதைக் குடோனில் தேடினால், எழுதியது உண்மையிலேயே இருக்கிறதா என்பது தெரியும். குடோனில் இருப்பதைப் பட்டியலில் தேடினால்தான் எழுதாமல் விட்டது தெரியும். இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அதோடு, திருப்பூரில் துணி ஒரே கூரைக்குக் கீழே இருப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம். சாயப்பட்டறையில் கிடக்கும் துணியும் இந்தக் கம்பெனியின் சரக்குதான். டெலிவரி சலான்களை எடுத்து வைத்து, போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். வெளியே நின்ற துணிக்குப் பட்டறையிடமிருந்தே நேரடியாக உறுதிக் கடிதம் கேட்டோம். ஆடிட் செய்யும் முறைக்கான ஸ்டாண்டர்டுகளில், சரக்கைச் சரிபார்ப்பது பற்றிச் சொல்லும் எஸ்.ஏ. 501, வெளியாரிடம் உறுதி கேட்பது பற்றிச் சொல்லும் எஸ்.ஏ. 505 இரண்டும் எனக்கு அப்படித்தான் அறிமுகம்.

ஆனால் அன்று நான் எடுத்துக்கொண்டது வேலையை மட்டும்தான். அந்தக் கேள்வி அக்காவுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருடமும் “என்ன செய்யணும்க்கா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபைனலில் விழுந்த பிறகு, தேர்வு நடத்தும் சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்டணம் கட்டி விடைத்தாளின் நகலை வாங்கினேன். நான் பயிற்சி பெற்ற ஆபீஸின் ஆடிட்டர் சாரிடம் தயங்கித் தயங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தது. ஆடிட்டில் செய்த வேலையை நாங்கள் எழுதிவைக்கும் வொர்க்கிங் பேப்பரை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்திருந்தார். ஓரமெல்லாம் பென்சில் கேள்விகள். “எந்த ஸ்டாண்டர்டு?” “கேள்வியில் கொடுத்த விவரத்தை எங்கே பயன்படுத்தினாய்?” “முடிவு என்ன?” என் பதில்கள் தப்பில்லை. விதியைச் சொல்லி, கொடுத்த சூழலோடு பொருத்தி, முடிவு எழுதுகிற வேலையைத்தான் செய்யவில்லை. மூன்று வருடமாக என் ஃபைல்களில் சார் கேட்டதும் இதே மூன்று கேள்விகள்தான். அவற்றைத் திட்டு என்று நினைத்து, திருத்திக் கொடுத்துவிட்டு மறந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன்: உங்கள் ஃபைலைப் பார்த்து மேலே இருப்பவர்கள் எழுதும் ரிவ்யூ நோட் எதையும் முடித்ததும் கிழித்துப் போடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். கேள்வி என்ன, அவர் ஏன் கேட்டார், எந்த ஸ்டாண்டர்டில் அது வருகிறது. ஏன் என்பது தெரியாவிட்டால் அன்று சாயங்காலமே போய்க் கேளுங்கள். பெரும்பாலான சீனியர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் குறை. எங்களுக்குப் பயிற்சி 3 வருடம், இப்போது 2 வருடம்தான். முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். மே மாதத் தேர்வுக்கு நான் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் ஆர்.டி.பி. என்ற பயிற்சிக் கேள்வித் தொகுப்பைவிட அதிக முறை புரட்டியது அந்த நோட்டைத்தான். ஆடிட்டில் 61 வந்தது.

அதற்கு முன்னால் இன்னொரு மார்ச் 31 வந்தது. அதே கம்பெனி. அக்கா பயிற்சி முடித்துப் போயிருந்தார், மூன்று ஜூனியர்களோடு என்னை அனுப்பினார் சார். மதியத்துக்குள் அவர்கள் எண்ணியதையெல்லாம் நானே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். நிலவரம் கேட்க போன் செய்த சார், “எல்லாத்தையும் நீயே எண்ணினா, விட்டுப்போனதை யாருப்பா தேடறது?” என்றார்.

ஆடிட்டின் தரத்தைப் பற்றிய எஸ்.ஏ. 220-இல் வழிகாட்டல், மேற்பார்வை, மறுபார்வை என்று மனப்பாடம் செய்திருந்தேன். அன்றுதான் கையை எடுத்துவிட்டு அதைச் செய்து பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு தம்பி ரோல் எண்ணிக்கையைத் தப்பாகக் கூட்டியிருந்தான். திருத்த வந்த பேனாவை மூடிவிட்டு, “இந்தக் கூட்டலை எதோட ஒப்பிட்டே?” என்று மட்டும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவனே கண்டுபிடித்து வந்தான்.

இரவு 8 மணி இருக்கும். சேர்ந்து ஒன்பது மாதமே ஆன ஒரு தங்கை சலான் கட்டோடு வந்தாள். “அண்ணா, சாயப்பட்டறைது சரியா இருக்குங்க. பிரிண்டிங்குக்குப் போன பீஸ் மட்டும் திரும்பி வந்த மாதிரி தெரியலைங்க. அங்கயும் லெட்டர் கேக்கலாமா?”

பிரிண்டிங் யூனிட் எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கச் சொன்னேன். அந்த வொர்க்கிங் பேப்பரில், தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரையும் பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதி சாருக்கு அனுப்பினேன்.