மாநிறத் தோலுக்கு ஒளியும் நிழலும்

கணினியில் படம் வரையும்போது, கதாபாத்திரத்துக்கு ஃபிளாட் கலர் (நிழல் இல்லாத அடிநிறம்) போட்டு முடித்ததும், மேலே ஒரு மல்டிப்ளை லேயர் (கீழே இருக்கிற நிறத்தோடு பெருக்கி அதை இருட்டாக்குகிற அடுக்கு) திறந்து, சாம்பலோ ஊதாவோ எடுத்து மூக்குக்கு ஒரு பக்கம், தாடைக்குக் கீழே, முடி விழுகிற நெற்றி என்று நிழல் போடுவதுதான் இப்போது பழகிப்போன முறை. நல்ல முறைதான், வேகமானதும்கூட. ஆனால் இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் நான் பார்த்த பெரும்பாலானவை வெளுத்த தோலை வைத்தே சொல்லித் தருகின்றன. அதை அப்படியே நம்ம ஊர் நிறத்துக்குப் போட்டால் முகம் செத்துப்போகிறது. உடனே 'கறுப்புத் தோலுக்கு ஷேடிங் எடுபடாது' என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் பாருங்கள், அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அருமையாக எடுபடும்.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். மதிய வெயில், நீலத் தார்ப்பாய் கட்டிய மீன்கடை, அதன் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா. ஒரு தோளிலும் கன்னத்தின் ஓரத்திலும் மட்டும் நேர் வெயில் படுகிறது. மற்ற இடமெல்லாம் தார்ப்பாய் வழியாக இறங்குகிற நீல வெளிச்சம். முன்னாலிருக்கிற அலுமினியத் தட்டில் வெயில் பட்டு, கொஞ்சம் தாடைக்குக் கீழே ஏறுகிறது. ஆக மூன்று ஒளி. நிழல் என்று நாம் சொல்கிற இடத்தில் வெயில்தான் இல்லை, மற்ற இரண்டும் இருக்கின்றன, அந்த இடத்தின் நிறத்தை அவைதான் முடிவு செய்யும். இதை யோசிக்காமல் கலர் வீலைத் தொடவே கூடாது என்பேன்.

சரி, தோலின் அடிப்படை நிறம் சிவப்பு 140, பச்சை 90, நீலம் 60 (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 170 அளவில் ஒரு சாம்பலை மல்டிப்ளை செய்தால் 93, 60, 40 வரும். அதாவது அதே பழுப்பு, அதே சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி), வெளிச்சம் மட்டும் குறைவு. விளக்கை மங்கலாக்கிய மாதிரி இருக்குமே தவிர, தார்ப்பாய்க்குக் கீழே இருப்பதாகத் தோன்றாது. சாம்பலுக்குப் பதிலாக 150, 170, 220 என்ற நீலத்தை வைத்தால் 82, 60, 52 வருகிறது. இதிலும் சிவப்புதான் அதிகம், எண்ணாகப் பார்த்தால் இதுவும் பழுப்புதான். ஆனால் சாச்சுரேஷன் 57-லிருந்து 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வெயில் பட்ட ஆரஞ்சுக் கன்னத்துக்குப் பக்கத்தில் இந்த மங்கல் பழுப்பை வைத்துப் பாருங்கள், கண் அதைக் குளிர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்தில் வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை, பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ருல் 1839-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். அதனால் நீல நிழல் வேண்டுமென்று தோல்மேல் அசல் நீலத்தையே அப்பிவிட வேண்டியதில்லை.

இனிமேல் வருவதுதான் முக்கியம். தோலில் ஒளி இரண்டு விதமாகத் திரும்புகிறது: ஒரு பங்கு உள்ளே போய்ச் சிதறி, தோலின் நிறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்னொரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. தோலுக்குக் கறுப்பைத் தருகிற நிறமியான மெலனின் விழுங்குவது முதல் பங்கைத்தான். மேலே தெறிக்கிற ஒளிக்கும் மெலனினுக்கும் சம்பந்தமே இல்லை. வெளுத்த கன்னத்தில் அடிநிறமே பளிச்சென்று இருப்பதால் அந்தத் தெறிப்பு அதோடு கலந்து காணாமல் போகும், கறுத்த கன்னத்தில் அதே அளவு தெறிப்பு தனியாக எழுந்து நிற்கும். கன்னமேடு, மூக்குத்தண்டு, கீழ் உதடு, காறை எலும்பு எல்லாம் இதில்தான் உருவம் பெறுகின்றன. நிழலை இன்னும் இன்னும் இருட்டாக்கி உருவம் கொண்டுவரப் பார்ப்பது வீண் வேலை, ஏற்கெனவே இருட்டாக இருக்கிற நிறத்துக்குக் கீழே போக எவ்வளவு இடம் இருக்கிறது?

இந்தத் தெறிப்பை, அதாவது ஹைலைட்டை, வெள்ளை ஏர்பிரஷ்ஷால் போடாதீர்கள், மாவு பூசியது போலாகிவிடும். தெறிப்பு ஒளியின் நிறத்தில்தான் இருக்கும்: வெயில் பக்கம் இளமஞ்சள், தார்ப்பாய்ப் பக்கம் நல்ல நீலம். தோலில் நீலத்தைத் தாராளமாகப் போட இடம் இருக்கிறதென்றால் அது இங்கேதான். ஓரம் கூர்மையான பிரஷ், சின்னச் சின்ன இடம், எலும்பின் போக்கிலேயே. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்து, 2021-ல் கொரோனாவுக்கு நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களின் முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பை வெளுக்காமலே எப்படி ஒளிர வைத்திருக்கிறார்! எனக்கு அவர் படங்கள் இன்றைக்கும் பாடம்.

வெயிலும் நிழலும் சந்திக்கிற கோட்டில் கொஞ்சம் சிவப்பு ஏற்றுவார்கள் இல்லையா, தோலுக்குள் சிவப்பு ஒளி அதிக ஆழம் போவதால் வருவது அது. மாநிறத்துக்கும் போடலாம், ஆனால் ரோஸ் வேண்டாம், செங்கல் நிறத்தில் மெல்லிய கோடு போதும். காது மடலுக்குப் பின்னால் வெயில் இருந்தால் அங்கே மட்டும் தைரியமாக ஏற்றலாம்.

அப்புறம் அந்தத் தட்டு ஒளி. தாடைக்குக் கீழே அழகாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். வெயில் பக்கத்துத் தோலில் எது மிக இருட்டோ, அதைவிட நிழல் பக்கத்துத் தோலில் எதுவும் வெளிச்சமாக இருக்கக் கூடாது, ஹைலைட் மட்டும் விதிவிலக்கு. எல்லா லேயருக்கும் மேலே ஒரு சாம்பல் லேயர் வைத்து, அதன் மோடை (கீழ் லேயர்களோடு கலக்கிற விதத்தை) 'கலர்' என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும், அப்போது இது உடனே தெரிந்துவிடும். கிரிட்டா என்கிற இலவச ஓவிய மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

கடைசியாகக் கண்ணும் பல்லும். தோலுக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு இவற்றைச் சுத்த வெள்ளையில் விட்டால் முகத்திலிருந்து தனியே பிதுங்கித் தெரியும். தார்ப்பாய் நிழலில் வெள்ளை விழியும் அந்த நீலத்தையே வாங்கும், மேல் இமையின் நிழல் அதன்மேல் விழும், பல்லிலும் ஓரங்கள் இருண்டு போகும். வெள்ளையை விழியில் ஒரே ஒரு புள்ளியாக, தார்ப்பாய்க்கு வெளியே வெயில் தெரிகிற பக்கம் பார்த்து வையுங்கள்.