மூன்றாவது டீம் ஏன் போனை எடுக்கணும்? என்பிஏ டிரேட் கட்டிப் பழகிய அனுபவம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் மேட்ச் எவ்வளவு பிடிக்குமோ, டிரேட் கட்டுவதும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். எந்த வீரரை எங்கே அனுப்பலாம், பதிலுக்கு யார் என்ன தரணும், இரண்டு டீமுக்குள் கணக்கு இடித்தால் மூன்றாவதாக யாரைச் சேர்க்கலாம் என்று நண்பர்களோடு உட்கார்ந்து வாதாடுகிற பொழுதுபோக்கு. ஃபேன்ஸ்போ, ஈஎஸ்பிஎன் டிரேட் மெஷின் மாதிரிக் கருவிகளில் பெயர்களைப் போட்டால் சம்பளக் கணக்கு ஒத்துவருகிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அவை சொல்வது விதிப்படி முடியுமா என்பதை மட்டும்தான். எதிரில் இருப்பவர் சம்மதிப்பாரா என்பதை மனிதர்கள்தான் சொல்லணும்.

அதனால் எங்கள் குழுவில் ஆளுக்குச் சில டீம்களைப் பிரித்துக்கொண்டோம். யார் என்ன யோசனை கொண்டுவந்தாலும், அந்தந்த டீமுக்குப் பொறுப்பானவர் சரி என்றால்தான் டிரேட் முடிந்ததாகக் கணக்கு. நட்புக்காகத் தலையாட்டக் கூடாது. தன் டீமுக்கு என்ன லாபம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லணும். இந்த ஒரு விதி வந்த பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. நான் கட்டும் விதமும் அதனால்தான் மாறியது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், ஏன் இத்தனை டீம் தேவைப்படுகிறது என்பது. லீக்கும் வீரர்கள் சங்கமும் 2023இல் போட்ட புதிய ஒப்பந்தம், அதிகச் சம்பளம் கொடுக்கும் டீம்களைச் சுற்றி இரண்டு வேலி போட்டது. முதல் ஏப்ரன், இரண்டாவது ஏப்ரன் என்பார்கள். 2024-25 சீசனில் முதல் கோடு சுமார் 17.8 கோடி டாலர், இரண்டாவது சுமார் 18.9 கோடி. முதல் கோட்டுக்கு மேலே இருக்கும் டீம், அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. இரண்டாவது கோட்டையும் தாண்டிவிட்டால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்கவும் முடியாது. டிரேடில் ரொக்கமும் தர முடியாது. வருடா வருடம் டீம்கள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுப்பதுதான் டிராஃப்ட், அதில் ஒருவரை எடுக்கும் உரிமைதான் பிக். மோசமாக ஆடிய டீமுக்குப் பெரும்பாலும் முன்னாலேயே வாய்ப்பு வரும். இரண்டாவது கோட்டைத் தாண்டிய டீமுக்கு ஏழு வருடம் தள்ளி வரும் முதல் ரவுண்ட் பிக் உறைந்துபோகும், டிரேடில் தர முடியாது. இப்படிக் கைகால் கட்டப்பட்ட இரண்டு டீம்கள் நேருக்கு நேர் பேசி முடிப்பது கஷ்டம். நடுவில் நெளிவு சுளிவு உள்ள இன்னொரு டீம் வேண்டியிருக்கிறது.

இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது கார்ல்-அந்தோனி டவுன்ஸ் டிரேடை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தபோது. அக்டோபர் 2024. டவுன்ஸ் மினசோட்டாவிலிருந்து நியூயார்க் போனார், ஜூலியஸ் ராண்டிலும் டாண்டே டிவின்சென்ஸோவும் மினசோட்டா வந்தார்கள். செய்தியில் பெரிதாக வந்தது அவ்வளவுதான். நான் ஒரு தாளை எடுத்து நியூயார்க் பக்கத்தை எழுதினேன். டவுன்ஸுக்கு அந்த வருடம் 4.92 கோடி. ராண்டிலுக்கு 2.89 கோடி, டிவின்சென்ஸோவுக்கு 1.14 கோடி, கூடவே போன கீட்டா பேட்ஸ்-டியோப்புக்குச் சுமார் 26 லட்சம். கூட்டினால் 4.3 கோடிக்குப் பக்கம்தான் வருகிறது. முதல் ஏப்ரனைத் தாண்டப் போகிற டீமுக்கு இது போதாது. அறுபது லட்சத்துக்கும் மேலே துண்டு விழுகிறது.

அந்தத் துண்டை அடைக்கத்தான் சார்லட் உள்ளே வந்தது. டாகுவான் ஜெஃப்ரீஸ், சார்லி பிரவுன் ஜூனியர், டுவேன் வாஷிங்டன் ஜூனியர் என்ற மூன்று பேரை நியூயார்க் ஒப்பந்தம் போட்டு, கையோடு சார்லட்டுக்கு அனுப்பியது. இப்படி ஒப்பந்தம் போட்டு அனுப்பும்போது குறைந்தது மூன்று வருட ஒப்பந்தமாக இருக்கணும், ஆனால் முதல் வருடத்துக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தால் போதும். அந்த மூவரின் சம்பளம் சேர்ந்ததும் கணக்கு நேரானது. சார்லட்டுக்கு மூன்று இரண்டாம் ரவுண்ட் பிக்குகளும் சுமார் 70 லட்சம் டாலர் ரொக்கமும் கிடைத்தன. அந்த ரொக்கமே மூவரின் அந்த வருடச் சம்பளத்துக்குப் போதும். இருவரைச் சார்லட் சீக்கிரமே விடுவித்தும்விட்டது. ஆக அதற்குக் கைக்காசு எதுவும் போகவில்லை, மூன்று பிக் மிச்சம். பதிலுக்கு ஜேம்ஸ் நாஜி என்ற இளம் வீரரின் டிராஃப்ட் உரிமையைச் சார்லட் நியூயார்க்குக்குக் கொடுத்தது. டிரேடில் சேரும் டீம் சும்மா வாங்கிக்கொண்டு போக முடியாது, எதையாவது கொடுக்கவும் வேண்டும் அல்லவா.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நியூயார்க்கின் தேவையை யாரும் எளிதில் சொல்லிவிடுவார்கள். சார்லட் எதற்காகச் சம்மதித்தது என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்தது ஜிம்மி பட்லர் விவகாரம். 2025 ஜனவரியில் மியாமி அவரை மூன்று முறை சஸ்பெண்ட் செய்தது. அவர் போக விரும்பும் இடம் ஃபீனிக்ஸ் என்று எல்லாப் பக்கமும் பேச்சு. ஃபீனிக்ஸோ இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே. பட்லருக்கு 4.88 கோடி. சம்பளத்தைக் கூட்டிக் காட்ட முடியாத ஃபீனிக்ஸ் தனி ஆளாக அதற்கு ஈடு கட்டணும் என்றால் டுரான்ட், புக்கர், பிராட்லி பீல் மூவரில் ஒருவர்தான். முதல் இருவரைத் தர மாட்டார்கள். பீலுக்கு 5.02 கோடி. ஆனால் எங்கே அனுப்பினாலும் அவர் சம்மதம் வேண்டும் என்ற உரிமை அப்போது அவர் ஒப்பந்தத்திலேயே இருந்தது. வாஷிங்டனில் வாங்கிய உரிமை, ஃபீனிக்ஸுக்கும் கூடவே வந்தது.

அந்த மாதமே ஃபீனிக்ஸ் தன் 2031 முதல் ரவுண்ட் பிக்கை யூட்டாவிடம் கொடுத்து, 2025, 2027, 2029 என்று மூன்று சுமாரான பிக்குகளாக வாங்கியது. ஐநூறு ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்வது மாதிரி. இது பட்லருக்காகத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வார இறுதி முழுக்க இதே பேச்சு.

நான் கட்டியது இப்படி: பட்லர் ஃபீனிக்ஸுக்கு, பீல் சிகாகோவுக்கு, சிகாகோவின் சாக் லவீன் மியாமிக்கு. ஃபீனிக்ஸின் மூன்று சில்லறை பிக்குகளில் இரண்டு சிகாகோவுக்கு, ஒன்று மியாமிக்கு. லவீனுக்கு 4.3 கோடி. ஃபீனிக்ஸ் அனுப்புவதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறது, மியாமியும் அப்படியே. சிகாகோ ஏப்ரனுக்குக் கீழே இருப்பதால் கொஞ்சம் அதிகம் வாங்கலாம். கருவியில் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது.

குழுவில் சிகாகோ ஓர் அக்காவின் பொறுப்பு. அவர் உடனே கேட்டார்: "சரி தம்பி, பீலை நான் எதுக்கு வாங்கணும்?"

பிக் வருகிறதே என்றேன்.

"முதல் ரவுண்டோட கடைசியில வர்ற பிக் அது. 2026-27ல பீலுக்கு 5.7 கோடி குடுக்கணும், லவீனுக்கு 4.9 தான். லவீன் வயசும் கம்மி. நல்லா ஆடிட்டிருக்கான். அவனைக் குடுத்துட்டு இந்தச் சுமையை நான் தூக்கணுமா? சம்பளம் எல்லை தாண்டினா லீக்குக்குக் கட்டுற லக்சுரி டாக்ஸை சிகாகோ இதுவரைக்கும் கட்டினதே ஒரே ஒரு தடவை, 2012-13ல. அந்த முதலாளிகிட்ட போய் இதை நீ சொல்லு பார்ப்போம்."

மியாமியை வைத்திருந்த நண்பனும் விடவில்லை. "மச்சான், எங்களுக்கு நீளமான ஒப்பந்தமே வேண்டாம். லவீன் வந்தா 2027 வரைக்கும் கை கட்டிக் கிடக்கும்."

நான் ஒரு பிக்கை இங்கே நகர்த்தி, ஒரு சின்னச் சம்பளத்தை அங்கே சேர்த்துப் பார்த்தேன். நான்காவதாக ஒரு டீமையும் இழுத்தேன். அக்கா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: எனக்கு என்ன வேணும்னு நீ கேட்டியா? நேர்மையான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் அந்த டிரேட் அன்று முடியவில்லை.

பதில் பிப்ரவரி தொடக்கத்தில் நிஜத்தில் வந்தது. டிஆரன் ஃபாக்ஸ் சேக்ரமென்டோவிலிருந்து சான் அன்டோனியோ போன மூன்று டீம் டிரேடில் லவீன் சேக்ரமென்டோவுக்குப் போனார். சிகாகோவுக்கு வந்தது கெவின் ஹெர்ட்டர், ட்ரே ஜோன்ஸ், சாக் காலின்ஸ், அதோடு 2025இன் முதல் ரவுண்ட் பிக். அந்தப் பிக் வேறு யாருடையதும் அல்ல, சிகாகோவுடையதுதான். 2021இல் டிமார் டிரோசனை வாங்க சான் அன்டோனியோவுக்குக் கொடுத்திருந்தது. முதல் பத்துக்குள் வந்தால் சிகாகோவுக்கே, பத்தைத் தாண்டினால் சான் அன்டோனியோவுக்கு என்பது அதில் இருந்த நிபந்தனை. நன்றாக ஆடினால் பிக் போய்விடும், மோசமாக ஆடினால் தங்கும் என்று சிகாகோ அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிக் திரும்பி வந்ததும் அந்தக் கவலை போய்விட்டது. கடைசியில் அது 12ஆவது பிக்காக விழுந்தது, சிகாகோ நோவா எஸெங்கேவை எடுத்தது. திரும்ப வாங்காமல் இருந்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும்.

இது எனக்குப் பெரிய திறப்பு. சிகாகோவுக்கு யார் வேண்டும் என்று நான் வீரர்கள் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன். அதன் ஆசை அது கொடுக்க வேண்டிய கடனில் இருந்தது.

பட்லரும் ஃபீனிக்ஸுக்குப் போகவில்லை. ஐந்து டீம்கள் சேர்ந்த டிரேடில் கோல்டன் ஸ்டேட் போனார். ஆண்ட்ரூ விக்கின்ஸும் கைல் ஆண்டர்சனும் மியாமிக்கு, டென்னிஸ் ஷ்ரோடர் டெட்ராய்டுக்கு, டேவியன் மிட்செல் டொராண்டோவிலிருந்து மியாமிக்கு, பி.ஜே. டக்கர் டொராண்டோவுக்கு, யூட்டாவும் கூட. டெட்ராய்டிடம் சம்பள வரம்புக்குள் காலி இடம் இருந்தது, பிளேஆஃபுக்குப் போகத் துடித்த அந்த டீமுக்கு ஆட்டத்தை நடத்திச் செல்லும் அனுபவமுள்ள பாயின்ட் கார்டும் தேவைப்பட்டது. இரண்டும் ஒரே கையெழுத்தில் தீர்ந்தது.

அதற்குப் பிறகு நான் வேலையை மூன்றாவது டீமில்தான் தொடங்குகிறேன். ஸ்டார் பெயரை எழுதுவதற்கு முன்பே, உள்ளே இழுக்க நினைக்கும் டீமுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். எந்தப் பிக் யாருக்குக் கடன், என்ன நிபந்தனை. டாக்ஸ் கோட்டுக்கும் அந்த டீமுக்கும் எவ்வளவு தூரம். டீமில் இருக்கும் 15 வீரர் இடத்தில் எத்தனை காலி. யாருடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. போன கோடையில் ஒப்பந்தம் போட்டவர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15 வரை டிரேட் செய்ய முடியாது என்பதால், யார் கைக்குக் கிடைப்பார் என்பதும். ஸ்டெபியன் விதி என்று ஒன்று உண்டு, அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் ரவுண்ட் பிக் இல்லாமல் ஒரு டீம் நிற்கக் கூடாது. அதையும் அங்கேயே குறித்துவிடுவேன், பின்னால் போய் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பக்கம் நிறைந்ததும் அந்த டீமை வைத்திருப்பவரிடம் முதலில் பேசுவேன். இப்படிக் கட்டியதில் கணிசமானவை இப்போது சம்மதம் பெறுகின்றன. அக்காவே போன மாதம் சிகாகோவை வைத்து ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார், அதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம்.

டீம் எண்ணிக்கை கூடினால் டிரேட் பெரியது என்ற மயக்கமும் எனக்கு இப்போது இல்லை. 2025 ஜூலையில் கெவின் டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போனது ஏழு டீம் டிரேட், என்பிஏ வரலாற்றிலேயே பெரியது. ஆனால் ஏழு பேரும் டுரான்டுக்காக ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதல்ல அது. டிராஃப்ட் நாளில் கைமாறிய பிக்குகள், அட்லாண்டாவிலிருந்து கிளின்ட் கபெலா ஹூஸ்டன் வந்தது என்று தனித்தனியாகப் பேசி முடித்தவற்றைச் சம்பள விதிகளுக்கு ஏற்ப ஒன்றாகத் தைத்தார்கள். எங்கள் குழுவிலும் இப்போது அப்படித்தான். சின்னச் சின்னதாக இரண்டு பேர் பேசி முடிக்கிறார்கள், கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கிறார்.

இப்போது குழுவில் ஓடும் சண்டை மருத்துவப் பரிசோதனை பற்றியது. நிஜத்தில் டிரேட் அங்கேயே உடைகிறது. 2023 ஜூனில் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் என்ற வீரர் பாஸ்டனுக்கு வர முதலில் பேசிய டிரேடில் பாஸ்டனின் மால்கம் பிராக்டன் கிளிப்பர்ஸ் டீமுக்குப் போக வேண்டியது. அவர் உடல்நிலை பற்றிய கவலையில் கிளிப்பர்ஸ் பின்வாங்கியது. நேரம் முடிவதற்குள் மெம்ஃபிஸ் உள்ளே வந்து, பிராக்டனுக்குப் பதில் மார்கஸ் ஸ்மார்ட் பாஸ்டனை விட்டுப் போனார். 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டன் புரூக்ளின் போன நான்கு டீம் டிரேடில் கேரிஸ் லவெர்ட் இண்டியானா வந்தார், பரிசோதனையில் அவர் சிறுநீரகத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதே சீசனில் திரும்பி ஆடினார். அந்த டிரேட் தன்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயர்களை இங்கேயும் அங்கேயும் நகர்த்தும்போது இவர்கள் மனிதர்கள், ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் என்பதை நான் மறக்காமல் இருக்க இந்தச் சம்பவம் உதவுகிறது.

என் யோசனை இது: எல்லோரும் சம்மதித்த பிறகு சீட்டுக் குலுக்கிப் போடணும். 'பரிசோதனையில் தேறவில்லை' என்ற சீட்டு வந்தால் ஒரு வீரர் விலகுவார், அரை மணி நேரத்துக்குள் வேறு டீமைக் கொண்டுவந்து டிரேடை மறுபடி கட்டணும். மியாமி நண்பன் வேண்டவே வேண்டாம் என்கிறான், திறமைக்கு நடுவில் அதிர்ஷ்டம் எதற்கு என்பது அவன் கட்சி. அக்கா என் பக்கம். டிரேட் செய்யக் கடைசி நேரமான அடுத்த பிப்ரவரி டெட்லைன் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு வரும், அன்று ராத்திரி சீட்டோடு ஒரு சுற்று, சீட்டு இல்லாமல் ஒரு சுற்று நடத்திப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.