பிரேக்கை விடும் இடம்: இருங்காட்டுக்கோட்டைக் குறிப்புகள்

ஜூலை 3

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நான் பார்த்துக்கொள்ளும் ரேஸ் வண்டியின் செட்டப், அதாவது பாகங்களைச் சரிசெய்து வைத்திருக்கும் விதம், இன்னும் பழைய ஓட்டுநருடையதாகத்தான் இருக்கிறது. அவர் நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி, வளைவை அகலமாக வட்டமடித்துப் போகிறவர். பிரேக்கை விட்டதும் மூக்கு எழும், முன் டயரில் பாரம் குறையும். அந்த நிலையிலும் முன்பக்கம் கடிக்க வேண்டும் என்பதற்காக முன் ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) மென்மை, பின் பார் இறுக்கம், பின் டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1 மி.மீ. மட்டும். புதுப் பையன் இதிலேயே ஏறியிருக்கிறான்.

ஜூலை 4

சுழன்றான். மறுபடியும் சுழன்றான். இரண்டுமே வளைவுக்குள் நுழையும்போது.

ஜூலை 5

பிரேக் அழுத்தக் கோட்டையும் ஸ்டியரிங் கோணக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பழையவருக்கு ஒன்று முடிந்த பிறகே இன்னொன்று எழும். இவனுக்கு அபெக்ஸ் வரை, அதாவது வளைவின் உள்விளிம்பை வண்டி தொடும் இடம் வரை, இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. காலில் பிரேக் இருக்கும்போதே திருப்புகிறான். பாரம் முன்னே வருகிறது, பின் டயர் லேசாகிறது, வண்டி தானாகவே திரும்ப ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் செட்டப்பும் திருப்பிவிட்டால் எங்கே நிற்கும்?

பையன் ஓட்டும் விதத்தை மாற்றச் சொல்கிறது பட்டறை. மாட்டேன். அவன் பிரேக்கை விடும் விதம் அழகு. கோடு ஒரே சீராக இறங்குகிறது. ஷூமாக்கர் போன பிறகு 1996இல் பெனட்டன் ஃபார்முலா 1 அணிக்கு வந்த அலேசியும் பெர்கரும், அவர் கைக்கேற்ப வளர்ந்திருந்த வண்டியோடு எப்படி மல்லுக்கட்டினார்கள்! அவர்களுக்கா ஓட்டத் தெரியாது?

ஜூலை 6

எடை பார்த்தோம். பையனை ஹெல்மெட்டோடு உட்கார வைத்து, எரிபொருள் பாதி, டயரில் ஓடும்போதுள்ள அழுத்தம், ஸ்டியரிங் நேர், இரண்டு பாரையும் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்கும் கழற்றி. சக்கரத்துக்கு ஒன்றாகத் தராசுகள் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதே முதல் வேலை. வலது முன் சக்கர எடையையும் இடது பின் சக்கர எடையையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் 50 சதவீதம் வர வேண்டும். கூடினால் இடது வளைவில் முன்பக்கம் திரும்பாமல் வெளியே தள்ளும், வலது வளைவில் பின்பக்கம் வழுக்கும். இடது முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரை ஏற்றினால் அந்த எண் இறங்கும். உயரம் மாறாதிருக்க நான்கு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். லிங்க்கைத் திரும்ப மாட்டும்போது போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பார் ஏற்கெனவே முறுகியிருக்கிறது. பார்த்த எடையெல்லாம் வீண்.

ஜூலை 8

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் இல்லை.

பிரேக் பங்கை, அதாவது முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசை பிரியும் விகிதத்தை, முன்னுக்கு ஒரு சுற்று. பின்பக்கம் கொஞ்சம் அடங்கியது. இதற்கு மேல் போனால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு டயரில் தட்டை விழும்.

பின் டோ-இன் 1இலிருந்து 3 மி.மீ. பெரிய வித்தியாசம். நேர்ப்பாதையில் இழுவையும் பின் டயர் சூடும்தான் இதற்கான விலை.

பின் டேம்பரின் ரீபவுண்ட் (அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது டேம்பர் தரும் தடை) 2 கிளிக் தளர்த்தல். பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் மேலெழும். ரீபவுண்ட் இறுகியிருந்தால் டேம்பர் சக்கரத்தைச் சாலையிலிருந்து தூக்கப் பார்க்கும்.

பின் பாரைத் தொடவில்லை. அது வளைவின் நடுப்பகுதிக்கான மருந்து, இவன் நோய் நுழைவில்.

ஜூலை 9

மழை. ஓட்டமில்லை.

ஜூலை 10

மதியம் பின்பக்கம் வழுக்குகிறது என்றான். காலையில் இல்லை. செட்டப்பில் கை வைக்குமுன் அழுத்தமானி. டயர் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும். காலைக் குளிரில் அடித்த காற்றோடு இந்த வெயிலில் ஓடினால் எந்த வண்டியும் வழுக்கும். பிட்டுக்கு வந்ததும் சூட்டோடு சூடாகக் காற்றை இறக்கினேன். குறை போய்விட்டது.

ஜூலை 12

“அண்ணே, முன்னாடி தள்ளிக்கிட்டே போகுது.”

எங்கே, நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? நடுவில் என்றான். பின் பாரை இறுக்கலாம் என்று கை போனது. முதலில் டேட்டா. பிரேக்கை முன்பைவிடச் சீக்கிரம் விடுகிறான்! சுழன்ற பயம் காலில் இருக்கிறது. சீக்கிரம் விட்டதும் மூக்கு எழுந்துவிடுகிறது, முன் டயருக்குப் பாரமில்லை.

அரைச் சுற்று பிரேக் பங்கைப் பின்னுக்குத் தந்தேன். பின் டோ-இன் 2 மி.மீ.

ஜூலை 13

அந்த விடும் இடம். இரவெல்லாம் அதே கோடு கண்ணுக்குள்.

ஜூலை 14

கோடு மறுபடி நீள்கிறது. அபெக்ஸ் வரை வந்துவிட்டது. எதையும் மாற்றவில்லை, மாற்ற விடவும் இல்லை.

ஜூலை 15

நாளை தகுதிச்சுற்று. பின் டோ 2 மி.மீ., நூல் கட்டி இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும். காலை 6 மணிக்கு, வெயில் ஏறுமுன் நிழலில் வைத்துக் குளிர் அழுத்தம். பெடல் பக்கத்து லாக் நட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.