22 டிகிரியிலும் யூவி 11: ஆஸ்திரேலிய வெயிலும் நம் மேக்கப் பையும்

ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் வெயிலைச் சூட்டை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். உச்சி வெயில் சுட்டதும் நிழலுக்கு ஒதுங்கிவிடுவோம். மெல்பர்னில் அது செல்லாது. ஜனவரி மதியத்தில் கடல்காற்று சில்லென்று வீசும், வெப்பம் 22 டிகிரியில் நிற்கும், வானம் தெளிவாக இருந்தால் யூவி குறியீடு, அதாவது புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண், மட்டும் 11-ஐத் தொட்டிருக்கும். தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் சுடுவதே இல்லை, அதனால் உடம்பு எச்சரிக்காது. போதாததற்குப் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதும் ஜனவரித் தொடக்கத்தில், அதாவது இங்கே நடுக்கோடையில். காற்றில் தூசும் புகையும் குறைவு, அதனால் கதிர் தடையில்லாமல் இறங்கும்.

ஆகவே வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், யூவி எண்ணைப் பாருங்கள். வானிலை ஆய்வு மையத்தின் தளத்திலும் சன்ஸ்மார்ட் என்ற இலவசச் செயலியிலும் அன்றைய எண்ணும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பாதுகாப்பு வேண்டும் என்பதும் இருக்கும். 3-ம் அதற்கு மேலும் என்றால் தொப்பி, சட்டை, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி, நிழல் ஐந்தும் வேண்டும். மெல்பர்னில் இது ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் முடிவுவரை. பிரிஸ்பனிலும் டார்வினிலும் வருஷம் முழுக்க.

“நாம கறுப்புதானே, நமக்கு எதுக்கு?” என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் என்ற நிறமி காப்பாற்றுவது உண்மை. தோல் சிவந்து உரிவதும் தோல் புற்றுநோயும் நமக்குக் குறைவு. ஆனால் நம் தோல் கறுத்துத்தான் எதிர்ப்பைக் காட்டும். கன்னத்தில் மங்கு என்ற கரும்படை, நெற்றியோரத்தில் கருமை, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் போகாத தழும்பு எல்லாம் வெயிலால் ஆழமாகின்றன. டாக்சியும் டெலிவரியும் ஓட்டுகிறவர்களுக்கு வலது கை மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரின் முன் கண்ணாடி, புற ஊதாவில் யூவிஏ என்ற வகைக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பல கார்களில் அப்படித் தடுக்காது. முழுக்கைச் சட்டை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 50+, பிராட் ஸ்பெக்ட்ரம் (யூவிஏ, யூவிபி இரண்டையும் தடுப்பது) என்ற இரண்டோடு, டப்பாவில் ‘ஆஸ்ட் எல்’ (AUST L) என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே வெயில் காப்புக்கென்றே விற்கும் கிரீம் மருந்துப் பொருள் கணக்கில் வரும், அந்த எண் அதற்கான பதிவு. அதற்காக லேபிளைக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். 2025-இல் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்த 20 சன்ஸ்கிரீன்களில் 16, போட்டிருந்த எஸ்பிஎஃப் அளவை எட்டவில்லை. கிரீமை மட்டும் நம்பாமல் தொப்பியையும் துணியையும் முன்னே வைக்கச் சொல்வது இதனால்தான். தொப்பி என்றால் சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்பு. கிரிக்கெட் கேப் காதையும் பிடரியையும் காப்பாற்றாது. பல பள்ளிகளிலும் அதை ஏற்பதில்லை. ‘தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை’ என்பது பல தொடக்கப் பள்ளிகளில் விதி.

அளவில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். முகம், கழுத்து, காதுக்கு ஒரு டீஸ்பூன். ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, நெஞ்சு வயிற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. மொத்தம் ஏழு, 35 மில்லி. 100 மில்லி டியூப் மூன்று தடவைக்குக்கூடச் சரியாக வராது. பட்டாணி அளவு தடவினால் 50 என்ற எண் வெறும் அலங்காரம், ஏனென்றால் அந்த எண்ணை அளந்ததே தடிப்பாகப் பூசித்தான். வெளியே போக 20 நிமிஷம் முன்பு பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். ‘4 மணி நேரம் தண்ணீர் தாங்கும்’ என்று போட்டிருந்தாலும் இதே கணக்குதான். டியூபைக் காரில் விடாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் கிரீம் பிரிந்து கெடும்.

சாம்பல் பூசியதுபோல் முகம் வெளுத்தால் அது துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் செய்யும் வேலை. கல்யாணத்தில் ஃபிளாஷ் அடித்தால் இன்னும் வெள்ளையாகத் தெரியும். இவை இல்லாத, தண்ணீர்போல் இலகுவான ஃப்ளூயிட் வகை நம் நிறத்தில் தெரியாமல் படியும். மங்கு இருக்கிறவர்கள் மட்டும் வேறு வழியில் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்க வைக்கும், அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, நிறம் கலந்த டின்டட் சன்ஸ்கிரீன் தடுக்கும். பொருட்பட்டியலில் அயர்ன் ஆக்சைட்ஸ் இருக்கிறதா என்று தேடி, உங்கள் நிறத்துக்கு நெருங்கியதை எடுங்கள்.

மேக்கப்பின் வரிசை: மாய்ஸ்சரைசர் மெல்லிசாக, சன்ஸ்கிரீனை இரண்டு தடவையாகப் பிரித்து, பிறகு பத்து நிமிஷம் கைவைக்காமல், கடைசியில் ஃபவுண்டேஷன். ஃபவுண்டேஷனைத் தேய்க்கக் கூடாது. ஈர ஸ்பஞ்சால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் அடியில் இருக்கும் படலம் அழிரப்பர் துகள்போல் உருண்டு வரும், அந்த இடத்தில் பாதுகாப்பும் போய்விடும். மாய்ஸ்சரைசர் அதிகமானாலும், சிலிக்கோன் கிரீமின் மேல் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் போட்டாலும் இதே கதைதான். ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் 15, கீழே 30, மொத்தம் 45 என்று கூட்டாதீர்கள், அப்படிக் கூடாது. மதியம் மறுபடி பூச, டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுத்து, ஃப்ளூயிட் சன்ஸ்கிரீனை ஸ்பஞ்சில் எடுத்துத் தட்டித் தட்டிப் பூசுங்கள். எஸ்பிஎஃப் பவுடரால் அந்த அளவு தோலில் சேராது.

சூட்கேஸில் ஊரிலிருந்து வரும் சிவப்பழகு கிரீம்களைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசம். பொருட்பட்டியலே இல்லாத டப்பாவையும், மெர்குரி (பாதரசம்), கலோமெல் (பாதரச உப்பு) என்று எழுதியதையும் தொடவே வேண்டாம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, சின்ன இரத்தக் குழாய்களைத் தெரிய வைத்து, நிறுத்தியதும் முகத்தை எரியவிடும். மாதக்கணக்கில் பூசியவர்கள் சட்டென்று நிறுத்தாமல் ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரை, பாருங்கள். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போவதும் ஆபத்து. அதிலுள்ள பொருள் யூவியோடு சேர்ந்து, இரண்டொரு நாளில் கொப்புளமாகிக் கருங்கோடாக நிற்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வட்டமாய் வெளுத்துவிட்டால் ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் மெலனின் இல்லாததால் வெயிலில் முதலில் வெந்து சிவப்பது அதுதான். சன்ஸ்கிரீனையும் அங்கே முதலில் பூசுங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று. பங்குனித் தேர் இங்கே மார்ச், ஏப்ரலில் வரும். வெற்று முதுகோடு வடம் பிடிக்கிறவர்கள் யூவி 3-க்கு மேல் இருக்கும் நேரத்தில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். திருநீறும் சந்தனமும் தடுக்காது. வீட்டிலேயே முதுகுக்கு ஒரு டீஸ்பூன் பூசிவிட்டு வரலாம்.

இன்னொரு பக்கம் வைட்டமின் டி. கறுத்த தோலில் அது மெதுவாகத்தான் உருவாகும், அலுவலகத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இன்னும் குறைவு. அதற்காகக் கோடையில் சன்ஸ்கிரீனை விட வேண்டாம். ஜிபியிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் மாத்திரை எடுங்கள். மெல்பர்ன் குளிர்காலத்தில் யூவி 3-க்குக் கீழே இருக்கும் நாட்களில் சன்ஸ்கிரீன் இல்லாமலே மதியம் வெளியே நடக்கலாம். மங்குக்காரர்கள் மட்டும் டின்டட் கிரீமைத் தொடர வேண்டும்.

தோல் புற்றுநோயில் கொடிய வகையான மெலனோமா நமக்கு வருவது அரிது, வந்தால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வெயிலே படாத உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் அது வரும். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால்விரல் நகத்தடியில்தான். நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தால் காத்திருக்காதீர்கள். தோல் பரிசோதனைக்குப் போகும் நாளில் கை, கால் இரண்டிலும் நெயில் பாலிஷை அழித்துவிட்டு, மேக்கப் இல்லாமல் போங்கள். மருதாணி இட்டிருந்தால் அது மங்கும்வரை தள்ளிப்போடாமல், இட்டிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி, உள்ளங்காலையும் காட்டிவிட்டு வாருங்கள்.